மச்சான் பாடினதைப் பற்றி என்ன சொல்வது?

நீங்கள் கேட்டிருப்பதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் மனைவியின் அண்ணனுக்கு 52 வயது. ஆறு வருஷமாக வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறார். இந்த நவராத்திரிக்கு உங்கள் தெருக் கோயிலில் வயலின், மிருதங்கம் வைத்து 35 நிமிஷம் பாடியிருக்கிறார். போனில் பதிவு செய்ததை உங்களுக்கு அனுப்பி, "நீங்க வயலின் கத்துக்கிட்டவரு, உள்ளதைச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று கேட்டிருக்கிறார். மேலே போகும் இடங்களில் சுருதி இறங்குவதும், போகப் போகக் காலம், அதாவது பாட்டின் வேகம், ஓடுவதும் உங்கள் காதில் விழுகிறது. சொன்னால் மனசு நோகுமே, சொல்லாவிட்டால் பொய்யாகுமே என்று நாலு நாளாகப் பதில் போடவில்லை.

மற்றதெல்லாம் அப்புறம். இன்று ராத்திரிக்குள் அவருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். "மச்சான், ஒரு தடவை கேட்டுட்டேன். இன்னும் ரெண்டு தடவை நிதானமா கேட்டுட்டு ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன்." அது போதும். பாடினவனுக்கு நாலு நாள் மௌனம் என்பது நாலு பக்கக் கடுதாசி. 'ரொம்ப மோசமாப் பாடிட்டோம் போல, மாப்பிள்ளை வாயே திறக்கலை' என்று அவர் இந்நேரம் முடிவே கட்டியிருப்பார்.

நான் மிருதங்கக்காரன். மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். நான் வாசித்த கச்சேரிகளில் பாதிக்கு மேல் உங்கள் மச்சானைப் போன்றவர்களுக்குத்தான். பகலில் ஆபீஸ், சாயங்காலம் பாட்டு கிளாஸ், வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ மேடை. மீனாட்சி கோயில் ஆடி வீதி மேடையிலும் வாசித்திருக்கிறேன், திருமங்கலம் பக்கம் ஒரு பிள்ளையார் கோயிலில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவிலும் வாசித்திருக்கிறேன். சபையில் இருப்பவர்களுக்குப் பாடுபவரின் முகம் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அவர் தொடையில் தாளம் போடும் கை தெரியும், மூச்சு எங்கே திணறுகிறது என்று தெரியும், இறங்கி வந்ததும் யார் என்ன சொன்னால் அந்த முகம் எப்படி மாறுகிறது என்பதும் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உறவு விஷயத்தை முதலில் பேசிவிடலாம், பாட்டைவிட அதுதான் சிக்கல். நம் ஊரில் மாப்பிள்ளை சொல்லும் வார்த்தைக்கு எடை ஜாஸ்தி. நீங்கள் காலையில் "சுருதி கொஞ்சம் சேரலை" என்றால், சாயங்காலத்துக்குள் உங்கள் மாமியார் வீட்டில் "மாப்பிள்ளைக்கு இவன் பாடுறது பிடிக்கலையாம்" என்று ஆகியிருக்கும். அதனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அங்கே கைதட்டல் பொம்மை போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், அதில் பொய் ஒன்றுமில்லை. மேடையேறினதற்கே கைதட்டலாம். அதே மாதிரி மனைவி வழியாகவும் சொல்லி அனுப்பாதீர்கள். தங்கச்சி வாயால் அண்ணன் கேட்கக் கூடாத விஷயம் இது.

பெரும்பாலானவர்கள் தவறுவது சொல்லும் விதத்தில் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை கேட்கும் விதத்திலேயே தவறிவிடுகிறார்கள். ஒரு தடவை கேட்டு, மனசில் பட்ட மொத்த அபிப்பிராயத்தைப் பக்குவமான வார்த்தையில் சுற்றிக் கொடுக்கப் பார்க்கிறார்கள். "நல்லா இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் சாதகம் பண்ணினா இன்னும் நல்லா வரும்." இதை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் நாளைக் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து என்ன செய்வார்?

மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை கையில் ஒன்றும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, ஃபேனைப் போட்டு உட்கார்ந்து, ரசிகனாக. எங்கே தலை தானாக ஆடுகிறது என்று மட்டும் பாருங்கள். ஆடும், ஒரு இடத்திலாவது. அந்த நிமிஷம், விநாடியைக் குறித்துவையுங்கள். இது பின்னால் முக்கியமாக வேண்டியிருக்கும்.

இரண்டாவது தடவை சுருதிப் பெட்டியோடு. போனிலேயே தம்புரா செயலி இருக்கும். அவர் கட்டையை, அதாவது அவர் பாடும் ஆதார சுருதியைக் கண்டுபிடித்து அதை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டு பதிவைக் கேளுங்கள். பெட்டி இல்லாமல் கேட்டால் நம் காது பாடுபவரோடு சேர்ந்து தானும் இறங்கிவிடும், அது காதின் குணம். பெட்டி ஓடினால் எந்த எழுத்தில் விலகுகிறது என்று துல்லியமாகப் பிடிபடும். 'மேலே போனால் இறங்குகிறது' என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அது எல்லா மேல் ஸ்வரத்திலுமா, நீட்டி நிற்கும்போது மட்டுமா, முதல் பாட்டிலேயே இருக்கிறதா, கடைசியில் தொண்டை களைத்த பிறகா? நான்கும் நான்கு வெவ்வேறு நோய்.

மூன்றாவது தடவை கையில் தாளம் போட்டுக்கொண்டு, போன் ஸ்டாப் வாட்சோடு. ஒரு ஆதி தாளப் பாட்டை எடுத்துப் பல்லவி தொடங்கும்போது ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) எத்தனை விநாடி ஓடுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அதே பாட்டின் சரணத்தில் ஒரு ஆவர்த்தனம் அளந்து பாருங்கள். பல்லவியில் 8 விநாடி, சரணத்தில் 6½ விநாடி என்று வந்தால் அது அபிப்பிராயம் இல்லை, கணக்கு. யாருக்கும் கோபம் வராது, அவரே அளந்து பார்த்துக்கொள்வார். "காலம் ஓடுது" என்று ஒருவர் சொன்னால் சண்டைக்கு வரும் ஆட்கள்கூட ஸ்டாப் வாட்சைப் பார்த்ததும் சிரித்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நோய்க்கு மூலம். இதைத் தெரியாமல் வாய் திறப்பதில் பிரயோசனம் இல்லை.

மேலே சுருதி இறங்குவதற்கு முதல் சந்தேகம், அவர் பாடும் கட்டை அவருக்கு உரியதுதானா என்பது. ஆண்களில் பலருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் சௌகரியமாக இருக்கும், பெண்களுக்கு ஐந்து, ஐந்தரையை ஒட்டி. ஒரு டீச்சரம்மாவிடம் பத்துப் பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் நடுவயசு ஆணின் கதியை யோசித்துப் பாருங்கள். கிளாஸில் ஓடுவது ஐந்து கட்டை. இவர் அதற்குள் எங்கேயோ ஒண்டிக்கொண்டு பாடிப் பழகுகிறார். தனியாக மேடை ஏறும்போது யாரோ ஒருவர் "ஆம்பளைக் குரல், ரெண்டு வைங்க" என்று சொல்ல, இரண்டு வைத்துவிடுகிறார். அவர் குரலுக்கு ஒன்று அல்லது ஒன்றரைதான் உரியது என்றால் மேல் ஸ்தாயி காந்தாரம் ('க' ஸ்வரம்) எட்டாக்கனிதான். அரைக் கட்டை இறக்கினால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும். (கட்டைக் கணக்கு ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்தது. நடுவில் கறுப்புக் கட்டை இருக்கும் இடத்துக்குத்தான் அரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. மேடையில் அதைக் கேட்டவர்களும் உண்டு, நான் ஒன்றும் பேசாமல் கல்லை எடுத்து மிருதங்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.)

இரண்டாவது சந்தேகம், மேடையில் அவருக்குச் சுருதி காதில் விழுந்ததா என்பது. தெருக் கோயில் மேடைகளில் ஸ்பீக்கர் எல்லாம் ஜனங்களைப் பார்த்து இருக்கும். பாடுபவர் பக்கம் திரும்பிய மானிட்டர் இருக்காது. சுருதிப் பெட்டியை அழகு பார்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள். பக்கத்தில் என் மிருதங்கம், எதிரே பஜ்ஜி கடை, மேலே குழாய் ஸ்பீக்கர். வீட்டில் சுத்தமாக நிற்கிற ஸட்ஜம் ('ஸ' ஸ்வரம்) அங்கே நிற்காது. இது பாட்டின் குறை இல்லை, பெட்டி வைத்த இடத்தின் குறை. அடுத்த தடவை பெட்டியைத் தொடைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதன் எதிரே ஒரு மைக் வைத்தால் இன்னும் நல்லது. வெயில் காலத்தில் எங்கள் மிருதங்கத் தோலும் காய்ந்து இறுகி, வலந்தலையின் (வலது பக்கத்தின்) சுருதி மெல்ல ஏறிவிடும். நடுவில் தட்டிச் சரிசெய்யாத மிருதங்கக்காரன் பக்கத்தில் இருந்தால் பாடுபவருக்கு எந்தச் சுருதியில் சேர்வது என்றே தெரியாது. பழியை மட்டும் அவர் சுமப்பார்.

மூன்றாவது மூச்சு. நீட்டி நிற்கும் ஸ்வரத்தின் கடைசியில் மட்டும் இறங்கினால் காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் காதுக்கு அல்ல, எங்கே மூச்சு வாங்குவது என்ற திட்டத்துக்கு. பென்சிலால் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழ்ப் பாட்டில் இது இன்னும் அவசியம். மூச்சு முட்டியதும் வார்த்தையை நடுவில் வெட்டி, 'மீனா' என்று நிறுத்திக் காற்று வாங்கி, 'ட்சியம்மா' என்று தொடங்குபவர்களை நவராத்திரி ஒன்பது நாளும் கேட்கிறேன். மீனாட்சி பொறுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

காலம் ஓடுவது என் துறை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். பாடுபவரின் கையைப் பாருங்கள். ஆதி தாளத்தில் முதல் தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் பெரும்பாலும் நிதானமாகவே விழும். பின்னால் வருகிற இரண்டு துருதத்தில், தட்டிவிட்டுக் கையைத் திருப்புகிற அந்த வீச்சில்தான் அவசரம் புகுகிறது. திருப்பினது பாதி, அதற்குள் அடுத்த தட்டு. ஒரு ஆவர்த்தனத்தில் இழை அளவு குறைவது இருபது ஆவர்த்தனத்தில் முழமாகிவிடும். தெரிந்த இடம், பிடித்த சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவம்) வரும்போது உற்சாகத்தில் ஓடும். பயந்த இடம் வரும்போது சீக்கிரம் கடந்துவிடலாம் என்று ஓடும். இரண்டு ஓட்டமும் கேட்க ஒன்று மாதிரி இருக்கும், காரணம் நேர் எதிர். எது என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். உற்சாகத்தில் ஓடுகிறவருக்கு, அதே சரணத்தைப் பாதிக் காலத்தில் வாரம் முழுக்கப் பாடச் சொன்னால் போதும். பயத்தில் ஓடுகிறவருக்கு அந்த இரண்டு வரியைத் தனியாகப் பிய்த்தெடுத்து முப்பது தடவை பாடவைக்க வேண்டும். பாட்டு முழுவதையும் திரும்பத் திரும்பப் பாடுவதால் அந்த இரண்டு வரி சரியாகாது, பழகிய தப்பாக உறைந்துபோகும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சில சமயம் ஓட்டுவது மிருதங்கக்காரன். இளவட்டங்கள் ஃபரன் என்கிற வேக வாசிப்பை விட்டுக் கைதட்டல் வாங்கும் ஆசையில் பாடுபவரை இழுத்துக்கொண்டு போவார்கள். பதிவில் அதையும் கவனியுங்கள். யார் முதலில் ஓடினது என்று தெரியாமல் மச்சான் தலையில் போட்டுவிடாதீர்கள்.

போன் பதிவை வைத்துச் சொல்லக் கூடாத விஷயங்களும் உண்டு. குரலின் இனிமை, கனம், வல்லின மெல்லின ஏற்ற இறக்கம் ஒன்றும் அதில் தெரியாது. போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைத்து எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். மெல்லப் பாடினதும் ஓங்கிப் பாடினதும் ஒன்றாகக் கேட்கும். சுருதியையும் காலத்தையும் அது மாற்றாது, அவை இரண்டையும் தாராளமாக நம்பலாம். "குரல்ல ஜீவன் இல்லை" என்று போனைக் கேட்டுவிட்டுச் சொல்வது அநியாயம். அதைவிட, குரல் என்பது அந்த மனுஷனோடு பிறந்தது. 52 வயசில் அதை மாற்றிக்கொள்ள வழியில்லை. மாற்றமுடியாததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பாடாந்தரத்தையும், அதாவது குரு வழியில் வந்த பாட்டு வடிவத்தையும், தொடாதீர்கள். நீங்கள் வயலினில் கற்ற அதே கீர்த்தனையை அவர் வேறு சங்கதியோடு பாடியிருப்பார். உங்களுக்கு அது தப்பாகப் படும். அவர் டீச்சரின் டீச்சர் அப்படிப் பாடியிருக்கலாம். சிஷ்யனிடம் குருவைக் குறை சொன்ன அந்த நிமிஷமே உங்கள் மற்றப் பேச்செல்லாம் செல்லாக்காசு. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், "இந்த இடத்தை உங்க டீச்சர்கிட்ட ஒரு தடவை பாடிக் காட்டிக் கேட்டுக்கோங்க" என்பதோடு நிறுத்துங்கள். தோடி, பைரவி மாதிரி ராகங்களில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதம்) சரியில்லை என்று தோன்றினாலும் அதே பதில்தான். அதை வாயால் விளக்க முடியாது, எதிரே உட்கார்ந்து பாடிக் காட்டித்தான் கொடுக்க முடியும். அது குருவின் வேலை.

மதுரைக்காரர்களுக்கு ஒரு தனி வியாதி இருக்கிறது. யார் பாடினாலும் "எம்.எஸ். பொறந்த ஊருய்யா இது" என்று ஆரம்பிப்போம். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல் இங்கே பிறந்தபோது வீட்டில் வீணை இருந்தது, வாசிக்கத் தாயார் சண்முகவடிவு இருந்தார், பாட்டி வயலின் வாசித்தவர். பாடகர் மதுரை மணி ஐயருக்குப் பெரியப்பா சித்தப்பா வழியிலேயே பாட்டு, புஷ்பவனம் ஐயர் அந்தக் குடும்பம்தான். மதுரை சோமு சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடம் குருகுலமாகக் கிடந்து கற்றவர். உங்கள் மச்சான் வீட்டில் காலையில் ஓடுவது குக்கர் விசில். சாதகத்துக்கு அவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம், அதிலும் பாதி நாள் கிடைக்காது. அவரை மணி ஐயரோடு நிறுத்தி 'அவர் ஸ்வரம் எப்படிச் சுருதியில் நிற்கும் தெரியுமா' என்பது மணி ஐயருக்கும் மரியாதை இல்லை.

அப்படியானால் எதை வைத்துத்தான் அளப்பது? அவரையே வைத்துத்தான். முதல் தடவை கேட்கும்போது குறித்துவைத்தீர்களே, தலை ஆடின இடம், அதை இப்போது எடுங்கள். இறங்கின மேல் ஸட்ஜம் ஒன்று இருந்தால், அதே பதிவில் சுத்தமாகச் சேர்ந்த மேல் ஸட்ஜம் ஒன்று அனேகமாக இருக்கும். தேடுங்கள். அனுபல்லவியில் முதல் சங்கதியில் சேர்ந்திருக்கும், மூன்றாவது சங்கதியில் இறங்கியிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, "மச்சான், இது ரெண்டும் நீங்க பாடினதுதான். எது சேருது?" என்று கேளுங்கள். அவர் காதே சொல்லிவிடும். சரியாக வந்ததும் தன் குரல்தான் என்று தெரிந்தவனுக்கு, தப்பாக வந்ததைத் திருத்த முடியும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. பாராட்டையும் திருத்தத்தையும் ஒரே பருக்கையில் கொடுத்த மாதிரி. முதலில் ரெண்டு பாராட்டு, நடுவில் குத்து, கடைசியில் ஒரு பாராட்டு என்று சிலர் கற்றுக்கொடுக்கிறார்களே, அது மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கிற வேலை. இரண்டாவது தடவை பழத்தைப் பார்த்தாலே மாட்டுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினெட்டு வயசு இருக்கும். சோழவந்தான் பக்கம் ஒரு கோயில் கச்சேரிக்கு வாசித்தேன். மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில், முடிவுக் கணக்கான கோர்வை முடிந்து, பாட்டு தொடங்கும் எடுப்புக்கு வந்து சேரவில்லை, அரை எண்ணிக்கை முந்திவிட்டேன். பாடகர் சமாளித்துக்கொண்டார். கீழே இறங்கினதும், ஊரில் சங்கீதம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒரு பெரியவர், பிரசாதம் வாங்க நின்ற கூட்டத்துக்கு நடுவில், "தம்பி, உனக்கு லயம் வராது. வேற தொழில் பாரு" என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அன்றைக்குத் தப்புச் செய்தவன் நான்தான். எட்டு மாசம் மிருதங்கத்துக்கு உறை கழற்றவில்லை. தோல் காய்ந்து வார் தளர்ந்துபோனது.

பிறகு எங்கள் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அந்தக் கச்சேரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோர்வையை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன், அங்கேயும் முந்தியது. "கடைசித் தீர்மானத்துக்கு முன்னாடி மூச்சைப் பிடிச்சுக்கிறே. விட்டுட்டு வாசி" என்றார். அவ்வளவுதான். விட்டுவிட்டு வாசித்தேன், எடுப்பில் வந்து உட்கார்ந்தது. பெரியவர் சொன்னது என்னைப் பற்றி. வாத்தியார் சொன்னது ஒரு மூச்சைப் பற்றி. இரண்டு பேரும் பேசினது அதே அரை எண்ணிக்கையைத்தான்.

அதனால் பேசும்போது வாக்கியத்தின் எழுவாய் எது என்று பாருங்கள். "உங்களுக்கு மேல சுருதி நிக்கலை" என்றால் எழுவாய் அவர். "மூணாவது சங்கதியில அந்த ஸட்ஜம் கடைசியில கொஞ்சம் இறங்குது" என்றால் எழுவாய் ஸட்ஜம். இரண்டாவது வாக்கியத்தில் அவரும் நீங்களும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஸட்ஜத்தைப் பார்க்கிறீர்கள்.

எத்தனை விஷயம் சொல்வது? இரண்டு. உங்கள் நோட்டில் பதினைந்து இருக்கும், எனக்குத் தெரியும். மீதி பதின்மூன்றையும் மடித்து வையுங்கள். அவர் அடுத்து பாடப்போவது சிவராத்திரிக்கோ அடுத்த நவராத்திரிக்கோ. அதற்குள் அரை மணி நேரச் சாதகத்தில் எது சரியாகுமோ அதைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் என் தேர்வு, ஒன்று கட்டையை இறக்கிப் பார்ப்பது, இன்னொன்று ஆதி தாளத்தின் வீச்சு. முதலாவது ஒரே நாளில் பலன் தெரியும், அது தைரியம் கொடுக்கும். இரண்டாவது மூன்று மாச வேலை. தெலுங்கு உச்சரிப்பு, நோட்டைப் பார்த்துப் பாடுவது, ஆலாபனையில் ஒரே பிடியைத் திரும்பத் திரும்பப் பிடிப்பது எல்லாம் அடுத்த வருஷத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசாதீர்கள். அடுப்படியில் இருந்து யாராவது "என்னவாம்?" என்பார்கள். தெப்பக்குளம் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். வாக்கிங் போகிறவர்கள் தவிர யாரும் கவனிக்க மாட்டார்கள், படிக்கட்டில் காற்றாட உட்காரலாம். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன். டீ குடிக்கிற வரைக்கும் ஊர்க்கதை பேசுங்கள். பிறகு நீங்கள் ஆரம்பிக்காதீர்கள், அவரைக் கேளுங்கள்: "உங்களுக்கு எந்த இடம் உறுத்துச்சு மச்சான்?" மேடையில் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. அனேகமாக நீங்கள் குறித்துவைத்ததில் ஒன்றையே அவர் சொல்வார். சொல்லிவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிட்டது, அதிலிருந்தே பேச்சைத் தொடரலாம். வேறு ஏதோ சொன்னாலும் சரி, அதை முதலில் பேசுங்கள். உங்கள் இரண்டும் காத்திருக்கலாம்.

"ஒண்ணும் உறுத்தலையே, எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னுதான் சொன்னாங்க" என்று சொன்னாரானால் கொஞ்சம் கவனம். அவர் கேட்டது உள்ளதை அல்ல, ஒரு தட்டிக்கொடுப்பை. அதிலும் தப்பில்லை. ஆபீஸில் இத்தனை வருஷம் அதட்டல் வாங்கின மனுஷன் 46 வயசில் முதல் பாடமான ஸரளி வரிசையில் உட்கார்ந்து, ஆறு வருஷத்தில் பக்கவாத்தியத்தோடு 35 நிமிஷம் பாடியிருக்கிறார். தலை ஆடின இடத்தைப் போட்டுக் காட்டி, அது ஏன் நன்றாக இருந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். 'சூப்பர்' என்பது பாராட்டு இல்லை. "இந்த மோகனத்துல காந்தாரத்தை அசைக்காம நிறுத்தினீங்க பாருங்க, வயலின்காரரே திரும்பிப் பார்த்திருப்பார்" என்பது பாராட்டு. கட்டை விஷயத்தை மட்டும் போகிற போக்கில், "அடுத்த தடவை ஒன்றரை வச்சுப் பாடிப் பாருங்களேன், உங்க குரலுக்குச் சௌகரியமா இருக்கும்னு தோணுது" என்று போட்டுவிடுங்கள். அது குறையாகவே கேட்காது. வீச்சை அன்றைக்கு விட்டுவிடலாம்.

மனசு திறந்து கேட்கிறார் என்றால் ஸ்டாப் வாட்சை அவர் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லாதீர்கள், அவரே எண்ணைச் சொல்லட்டும். எப்படிச் சரிசெய்வது என்று கேட்டால், மெட்ரோனோமை (சீராக டிக் டிக் என்று எண்ணும் கருவி) ஓடவிட்டு, வாயால் பாடாமல், வெறும் கையால் பத்து நிமிஷம் ஆதி தாளம், வீச்சை முழுசாகத் திருப்பி. பாட்டு அப்புறம். பத்து நாளில் கை அடங்கும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒருவேளை முகம் சுண்டிவிட்டால்? சமாதானம் சொல்லப்போய் "இல்லை இல்லை, நல்லாத்தான் பாடினீங்க" என்று பின்வாங்காதீர்கள். முன்னே சொன்னதும் பொய், இப்போது சொல்வதும் பொய் என்று ஆகிவிடும். வயலினை எடுத்து எத்தனை வருஷமாகிறது என்று எழுதவில்லை நீங்கள். தூசி தட்டி எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போங்கள். ஒன்றரைக் கட்டை வைத்து, அந்தச் சரணத்தை அவர் பாட நீங்கள் கூட வாசியுங்கள். உங்கள் வில் தடுமாறுவதை அவரும் கொஞ்சம் கேட்கட்டும்.